கேமரன் மலை: பச்சைக்குள் நடக்கும் வேலை

கேமரன் மலைக்குப் போய்வந்த பத்துப் பேரின் கைபேசிகளை வாங்கி, படங்களை ஒன்றாகக் கலந்து போட்டால், எது யார் எடுத்தது என்று அவர்களாலேயே சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் அதே பச்சைச் சரிவு, மேலே வெளுத்துப்போன வானம், முன்னால் தேநீர்க் கோப்பை பிடித்த ஒரு கை. சுங்கை பாலாஸ் தோட்டத்துத் தேநீர் மையத்தில், காலை பத்து மணிக்கு மேல் மதியச் சாப்பாட்டுக்கு முன், கைபேசியின் அகல லென்ஸில் எடுத்தவை அவை. கேமராவில் குறை இல்லை. எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்றார்கள், அவ்வளவுதான்.

கோலாலம்பூரிலும் சைபர்ஜெயாவிலும் பினாங்கிலும் மென்பொருள் வேலை பார்க்கிற தமிழர்களுக்கு இந்த மலை ஒரு வார இறுதித் தூரம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்களின் பயணத் திட்டத்திலும் இது தவறாமல் இருக்கும். துளை, வேகம், ஐஎஸ்ஓ பற்றி முன் அத்தியாயங்களில் போதுமான அளவு பார்த்துவிட்டோம். இந்த அத்தியாயத்தில் கேமராவைவிடத் தேயிலையைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. தோட்டத்தில் என்ன வேலை, எப்போது, எப்படி நடக்கிறது என்று தெரிந்தவருக்குப் படம் தானாகக் கிடைக்கும். தெரியாதவருக்கு எந்த லென்ஸும் உதவாது.

இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. பிரேசில்காரரான செபஸ்தியாவோ சால்காடோ பொருளாதாரம் படித்தவர். லண்டனில் சர்வதேசக் காப்பி அமைப்பில் வேலை பார்த்தார். அலுவலாக ஆப்பிரிக்காவுக்குப் போனபோது மனைவி லெலியாவின் கேமராவைக் கையோடு எடுத்துப்போனார். 1973இல் அந்த வேலையை விட்டுவிட்டுப் புகைப்படக்காரரானார். பிற்பாடு உலகெங்கும் உடலுழைப்பாளர்களை எடுத்து 1993இல் பெரிய நூலாக்கினார். 1991இல் ருவாண்டாவின் தேயிலைத் தோட்டங்களில் எடுத்த படங்களும் அந்த உழைப்பாளர் வரிசையைச் சேர்ந்தவை. தோட்டப் பயிரின் பொருளாதாரம் தெரிந்த கண் அது. அதற்காக உங்களை வேலையை விடச் சொல்லவில்லை. வீட்டுக் கடன் தவணை யாருக்கும் நிற்காது. ஒரு அமைப்பு எப்படி இயங்குகிறது என்று நோண்டிப் பார்க்கும் புத்தி உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தோட்டத்தின் பக்கம் திருப்பினால் போதும்.

கடிகாரமும் சூரியனும்

தமிழ்நாட்டுப் பழக்கத்தில் ஐந்தரை மணிக்கு எழுந்து ஓடாதீர்கள். தீபகற்ப மலேசியாவில் அப்போது கும்மிருட்டு. சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் வேண்டும் என்பதற்காக 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சூரியனுக்கு அது தெரியாது. அதனால் இங்கே பொழுது விடிவது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 6.55 முதல் 7.30க்குள். உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகால் மணி வாக்கில். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கேமராவின் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே வைத்துவிட்டுத்தான் மலை ஏற வேண்டும். பிறகு படங்களை வரிசைப்படுத்தும்போது இதன் அருமை புரியும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். இந்த மலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நாலரை டிகிரியில் இருக்கிறது. சூரியன் இங்கே சாய்வாக ஏறாது, செங்குத்தாக ஏறும். அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி உயர அதற்கு இருபத்தைந்து நிமிடம் போதும். லண்டனில் கோடையில் அதே உயரத்துக்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம் ஆகும். ஐரோப்பியர்கள் எழுதிய கையேடுகளில் பொன்னொளி ஒரு மணி நேரம் நீடிக்கும் என்று படித்துவிட்டு, இங்கே வந்து முக்காலியை விரித்துத் திருகிக்கொண்டிருந்தால் வெளிச்சம் போய்விடும். ஆனால் மலைமுகடு சூரியனைக் கொஞ்ச நேரம் மறைத்து வைத்திருக்கும். எந்தச் சரிவில் வெயில் முதலில் விழுகிறது என்று முந்தின நாளே பார்த்து வைத்துக்கொண்டால் அந்தத் தாமதம் உங்களுக்கு லாபம்.

காலை வேளையில் சூரியனுக்கு எதிராக நின்று எடுங்கள். இளங்கொழுந்து மெல்லியது, பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் உள்ளே விளக்கு வைத்த மாதிரி மின்னும். முற்றிய இலை தடிமனானது, மெழுகுப் பூச்சு உள்ளது, ஒளியை ஊடுருவ விடாது. இந்த வேறுபாடு பதினோரு மணி வெயிலில் காணாமல் போய்விடும்.

எந்தக் கிழமை

வார இறுதியில் வருகிற மென்பொருளாளருக்கு இதில்தான் சிக்கல். ஞாயிறு பொதுவாகத் தோட்டத்துக்கு விடுமுறை. கொழுந்து எடுக்கும் ஆட்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் கோலாலம்பூரின் பாதிக் கார்கள் அன்றைக்குத்தான் பிரிஞ்சாங் சாலையில் நிற்கும். திங்கள்கிழமை சுங்கை பாலாஸ் தேநீர் மையம் வழக்கமாக மூடியிருக்கும். மிஞ்சுவது சனிக்கிழமை காலை ஒன்றுதான், அதுவும் கூட்டம் மேலே ஏறுவதற்கு முன்.

ஆகவே வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுங்கள். வியாழன் இரவே மலையில் தங்கிவிடுங்கள். வெள்ளி, சனி இரண்டு காலையும் வேலை நடக்கும் தோட்டம் கிடைக்கும். ஞாயிறு காலை பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போய்விட்டுக் கீழே இறங்கலாம். ஆண்டு விடுப்பைச் சேர்த்துவைத்து ஐரோப்பா போகலாம் என்கிற நண்பர்களைப் பொருட்படுத்தாதீர்கள். பக்கத்தில் இருக்கிற ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவரிடம்தான் நல்ல படங்கள் சேரும்.

மாதத்தைப் பொறுத்தவரை, அக்டோபர், நவம்பரில் மழை அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு சுற்று. பிப்ரவரி வாக்கில் வானம் சற்றுத் தெளிவு. எந்த மாதமானாலும் பிற்பகல் மழையை எதிர்பார்த்தே போக வேண்டும்.

எங்கே நிற்பது

தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலை ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு போகிறது. ஈப்போ பக்கமிருந்து வருகிறவர்கள் சிம்பாங் பூலாய் வழியாக வடக்கேயிருந்து நுழையலாம். தானா ராத்தா 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிஞ்சாங் அதற்கும் மேலே. 1885இல் இந்தப் பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரன் பெயரால் மலைக்குப் பெயர் வந்தது. ஆனால் தேயிலை வர இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம்தான் முதலாவது பெரிய தோட்டம். 1933இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தோட்டம் வந்தது.

படமெடுப்பவருக்கு மூன்று இடங்கள் போதும். ஹாபு அருகே திரும்பிப் போகும் பழைய போ தோட்டம் முதலாவது. சாலை குறுகலானது, கூட்டம் குறைவு, சரிவுகள் நெருக்கமாக மடிந்து கிடக்கும். நான் ஒரே ஒரு காலைதான் உண்டு என்றால் இங்கேதான் போவேன். பிரிஞ்சாங்கைத் தாண்டித் திரும்பும் சுங்கை பாலாஸ் இரண்டாவது. தேநீர் மையம் திறப்பதற்குள் வெளிச்சத்தின் நல்ல பகுதி முடிந்துவிடும். அதனால் மையத்துக்குப் போகும் வழிதான் உங்கள் இடம். வண்டியை அகலமான வளைவில் ஓரம் கட்டிவிட்டு நடந்து போங்கள். கொழுந்து ஏற்றும் லாரிக்கு வழி விட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மூன்றாவது, பாரத் தோட்டத்தின் கேமரன் வேலி. பிரதான சாலையிலேயே இருப்பதால் பேருந்தில் வருகிறவர்களும் இறங்கிப் பார்க்கலாம்.

சுங்கை பாலாஸ் சாலை மேலே போய் முடிவது குனோங் பிரிஞ்சாங் உச்சியில், சுமார் 2,000 மீட்டர். பாசிக்காடு அங்கேதான். அது தனி அத்தியாயத்துக்கான விஷயம். மரப்பாதை திறந்திருக்கிறதா, முன்பதிவு வேண்டுமா என்று கீழேயே விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

ட்ரோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். தோட்டம் தனியார் நிலம். நிர்வாகத்தின் எழுத்து அனுமதியும், மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி வேண்டியதும் கையில் இல்லாதவரை அது பையிலேயே இருக்கட்டும்.

இரண்டு பச்சை, ஒரு பழுப்பு

தேயிலைச் சரிவு தூரத்திலிருந்து பார்க்க எண்ணெய் தடவிப் படிய வாரிய தலைபோல ஒரே சீராகத் தெரியும். அந்தச் சீர்மைதான் படத்தைக் கெடுக்கிறது. சட்டம் முழுக்க ஒரே பச்சை இருந்தால் கண் எங்கும் நிற்காது. ஆனால் தோட்டம் ஒருபோதும் ஒரே பச்சையாக இருப்பதில்லை.

தேயிலைச் செடியை விட்டால் மரமாக வளரும். இடுப்பளவில் நிறுத்தி, மேல்பரப்பை மேசைபோலத் தட்டையாக வைத்திருப்பது மனிதக் கை. அந்த மேசையின் மேல் கொழுந்து துளிர்க்கும். சில வாரத்துக்கு ஒரு சுற்று என்று எடுப்பார்கள். ஒரே மலையில் ஒவ்வொரு பாத்தியும் வேறு வேறு நாளில் எடுக்கப்படுவதால், எடுக்க வேண்டிய பாத்தி மஞ்சள் கலந்த வெளிர் பச்சையாகவும், எடுத்து முடித்த பாத்தி கரும் பச்சையாகவும் கிடக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்வார்கள். அப்போது இலையெல்லாம் போய் வெறும் குச்சிகள் பழுப்பாக நிற்கும். சுற்றுலாக்காரர்கள் கவாத்து செய்த பாத்தியைப் பார்த்ததும் முகம் சுளித்துக் கேமராவைத் திருப்பிக்கொள்வார்கள். நீங்கள் அங்கேயே நில்லுங்கள். வெளிர் பச்சை, கரும் பச்சை, பழுப்பு மூன்றும் சந்திக்கும் விளிம்புதான் உங்கள் படம். அந்த விளிம்பு தற்செயல் அல்ல, தோட்டத்தின் வேலை அட்டவணை நிலத்தில் எழுதப்பட்டிருப்பது.

அந்த விளிம்பைப் பிடிக்க அகல லென்ஸ் உதவாது. அது மலையைச் சுருக்கிக் காட்டும். 70-200 மில்லிமீட்டர் போன்ற தொலைவு லென்ஸ் வரிசைகளை ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கும். கைபேசியானால் மூன்று மடங்கு அல்லது ஐந்து மடங்கு லென்ஸுக்கு மாறிக்கொள்ளுங்கள். வானத்தை வெட்டிவிடுங்கள். வானம் இல்லாமல் படம் முழுமை பெறாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

இலையின் மெழுகுப் பூச்சு வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் பச்சை வெளுத்துத் தெரியும். போலரைசர் வடிகட்டியைத் திருகினால் அந்த மினுக்கம் அடங்கி நிறம் வெளிவரும். மேகமூட்டத்திலும், மழை நனைத்த இலையிலும்கூட. ஒன்றரை முதல் இரண்டு நிறுத்தம் வெளிச்சம் குறையும் என்பதைக் கணக்கில் வையுங்கள். வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். சட்டம் முழுக்கப் பச்சை இருந்தால் கேமரா அதைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு ஊதாச் சாயத்தைக் கலக்கும். பகலொளியில் நிலைநிறுத்திவிடுங்கள்.

மூடுபனி வந்தால் ஒளி அளவி ஏமாறும். வெண்மையைச் சாம்பலாக்கப் பார்க்கும். வெளிப்பாட்டை ஒரு நிறுத்தம் கூட்டிவிடுங்கள். பனி நகரும்போது ஒரு வரிசை தெரியும், அடுத்தது மறையும். அந்த நேரத்தில் பின்திரையைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மலையில் தேயிலையோடு வேறொன்றும் கண்ணில் படும்: காய்கறி, பூச் சாகுபடிக்கான பிளாஸ்டிக் கூரைகள், சரிவு சரிவாக. பலர் அதை மறைக்கப் பாடுபடுவார்கள், அல்லது மென்பொருளில் அழித்துவிடுவார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் வண்டல் சேர்ந்துகொண்டே போவதற்கு, மேலே இந்தச் சாகுபடிக்காகச் சரிவுகள் வெட்டப்பட்டது ஒரு காரணம். 2013 அக்டோபரில் நள்ளிரவுக்குப் பிறகு அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்றுவெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. பிளாஸ்டிக் கூரையும் தேயிலையும் ஒரே சட்டத்தில் இருக்கிற படம் அஞ்சலட்டைக்கு ஆகாது. ஆனால் கேமரன் மலை இன்று எப்படி இருக்கிறது என்று கேட்டால் காட்டக்கூடிய படம் அதுதான்.

ஆட்கள்

கொழுந்துக் கூடை முதுகில் தொங்க, பெண்கள் விரலால் கொழுந்து கிள்ளும் காட்சியைத் தேடிக்கொண்டு வராதீர்கள். இங்கே அது பெரும்பாலும் பழங்கதை. ஆட்பற்றாக்குறையால் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. இரண்டு பேர் வரிசையின் இரு பக்கமும் நின்று இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க, வெட்டிய இலை காற்றோட்டத்தில் பின்னாலிருக்கும் நீளப் பைக்குள் போய் விழும். பார்ப்பதற்கு இதுவும் அழகுதான், கூடையைவிட நேர்மையான அழகு. இயந்திரத்தையும் சிதறும் இலையையும் உறையவைக்க நொடியில் 500இல் ஒரு பங்கு வேகம் வேண்டும். கத்தரி வேலையில் கையின் அசைவு தெரிய வேண்டுமானால் 60இல் ஒரு பங்குக்கு இறங்குங்கள். சில சுற்றுலாக்காரர்கள் கூடையை வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு சேலையில் சிரித்து நிற்பார்கள். அது அவர்கள் குடும்ப ஆல்பத்துக்கு. உங்கள் தொகுப்பில் வேண்டாம்.

இந்தத் தோட்டங்களைக் காடு வெட்டிப் போட்டவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். உதவித்தொகையோடு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. அதற்குப் பிறகும் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே தங்கினார்கள். தோட்டத்தில் கோயில் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது. இன்று கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். ஆகவே ஒவ்வொருவரிடமும் அவரவர் மொழியில் பேச வேண்டும். தமிழர் என்று தெரிந்தால், "வணக்கம்ணே, வேலையைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன், ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். வயதான அம்மாவானால் "பாட்டி" என்று தொடங்கினால் பேச்சு தானாக வளரும். மற்றவர்களிடம் "போலே அம்பில் கம்பார்?" என்ற மலாய் வாக்கியம் போதும். தலையசைத்தால் எடுங்கள், கையசைத்தால் கேமராவை இறக்குங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு முகம் வெளியே வருவதில் உங்களுக்குத் தெரியாத ஆபத்து இருக்கலாம், காரணம் கேட்காதீர்கள். லயத்து வீடுகளின் முற்றம் இன்னொருவர் வீட்டு வாசல், காட்சிப்பொருள் அல்ல. பிள்ளைகளைப் பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாமல் எடுக்கவே வேண்டாம். மலைச்சாலை ஓரத்தில் வசிக்கும் செமாய் பழங்குடியினர் விஷயத்திலும் இதேதான்.

கேட்டு எடுத்தால் படம் விறைப்பாக வரும் என்பார்கள். முதல் படம் அப்படித்தான் வரும். பிறகு அவர் வேலைக்குத் திரும்பிவிடுவார். நீங்கள் அங்கேயே கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். அதற்குப் பிறகு எடுப்பது நல்ல படம்.

பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார்; கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தில் டென்னிசன், டார்வின் போன்றவர்களைப் பெயரோடு எடுத்தவர், இலங்கையில் எடுத்த உழைப்பாளர் படங்களில் ஒன்றுக்கு வைத்த தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள் குழு'. முகங்கள் நூற்றைம்பது ஆண்டாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பெயர் யாருக்கும் தெரியாது.

இறங்கிய பிறகு

குளிர்ந்த கேமராவோடு தாப்பாவில் இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். கீழேயுள்ள ஈரவெப்பம் லென்ஸுக்குள்ளேயே வேர்க்கவைக்கும். பை மூடியபடியே ஒரு மணி நேரம் இருக்கட்டும். மலேசியாவிலும் சென்னையிலும் லென்ஸைக் கொல்வது பூஞ்சைதான். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்கிற ஈரமற்ற பெட்டி ஒன்று வாங்குங்கள். அடுத்த லென்ஸுக்கு முன் அதை வாங்குங்கள்.

24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று இருபத்தைந்து, முப்பது எம்பி வரும். நானூறு படம் என்றால் பத்து ஜிபிக்கு மேல். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற காப்புப்பிரதி விதியை அலுவலகத்தில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதை வகுத்துச் சொன்னவர் பீட்டர் கிரோக் என்ற புகைப்படக்காரர். அலுவலகத்தில் பிறருக்குச் செய்வதை உங்கள் படங்களுக்கும் செய்யுங்கள்.

உங்கள் தொழில் உண்மையாகவே கைகொடுக்கும் இடம் அடுத்தது. ஃபில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால், ஒரு வரிக் கட்டளையில், ஓராண்டுப் படங்கள் அனைத்தின் நேரத்தையும் குவியத் தூரத்தையும் சிஎஸ்வி கோப்பாக எடுத்துவிடலாம். அதில் நீங்கள் தேர்ந்தெடுத்து வைத்த படங்களை மட்டும் பிரித்து வரைபடம் போடுங்கள். வாங்க நினைத்திருக்கும் விலையுயர்ந்த அகல லென்ஸின் குவியத் தூரத்தில் தேறிய படம் எத்தனை, பதினோரு மணிக்குப் பிறகு எடுத்ததில் தேறியது எத்தனை என்று அது சொல்லிவிடும். பெரும்பாலானவர்களுக்கு அந்த வரைபடம் ஒரு லென்ஸின் விலையை மிச்சப்படுத்தும்.

திருத்தும்போது பச்சையின் செறிவைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். இரண்டு பச்சைக்கும் நடுவிலுள்ள வேறுபாடு தெரிந்தால் போதும். டார்க்டேபிள் இலவசம், இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

கடைசியாக, நீங்கள் எடுத்த ஆட்களின் படங்களை அஞ்சலட்டை அளவில் அச்சிடுங்கள். ஒரு பிரதிக்கு ஆகும் செலவு ஒரு தே தாரிக்கின் விலைகூட இருக்காது. பின்பக்கம் பெயரையும் தேதியையும் எழுதி, அடுத்த முறை போகும்போது கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். ஆள் இல்லையென்றால் தோட்ட அலுவலகத்தில் எழுத்தரான கிராணியிடம் விட்டுவரலாம். கொடுத்த பிறகு கேமராவை வெளியே எடுங்கள்.